பெரியவருக்கு ஒரு நாற்காலி

வடகரப்பதியில் ஏறி கொழிஞ்சாம்பாறையில் இறங்குவதற்குள் பஸ்ஸில் யாராவது ஒருவர் உங்களுக்கு இந்தக் கதையைச் சொல்லிவிடுவார். எங்கள் ஊர்க் கந்தப்பன் இடுக்கி மலையில் ஒற்றை யானைக்கு நேர் எதிரே போய் நின்று, இரண்டு கையையும் கூப்பி, "வாங்க" என்று ஒரே ஒரு சொல் சொன்னாராம். யானை அப்படியே நின்றுவிட்டதாம். தும்பிக்கையைத் தூக்கி ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்த வழியே திரும்பிப் போய்விட்டதாம்.

இது பஸ் கதை. சலூன் கதையில் யானை மண்டி போடுகிறது. பால் சொசைட்டிக் கதையில் அவர் நீட்டிய சொம்பில் தண்ணீர் குடிக்கிறது. என் மச்சினி கேட்டுவிட்டு வந்த கதையில் யானை அழுதேவிட்டது. அதற்கு வீட்டில் என்ன கஷ்டமோ.

இத்தனையிலும் உண்மை அந்த ஒரு சொல்தான். கந்தப்பன் "வாங்க" என்று சொன்னது சத்தியம். மிச்சத்தை நான் சொல்கிறேன். நான் அங்கேதான் இருந்தேன். இருந்த இடம் கொஞ்சம் மரியாதைக் குறைவான இடம். அது வரும்போது சொல்கிறேன்.

கந்தப்பன் யார் என்று தெரிந்தால்தான் அந்தச் சொல்லின் எடை தெரியும். ஊருக்கு அவர் 'அவர்', எனக்கு 'அவன்'. வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. தென்னந்தோப்பு, கொஞ்சம் தக்காளி, இரண்டு எருமை. பத்தாவதில் கணக்கு அவனைக் கைவிட்டது, அவனும் கணக்கைக் கைவிட்டான். மீசை மட்டும் மேற்படிப்பு படித்த மாதிரி இருக்கும்.

எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வந்தவரைப் பார்த்ததும் "வாங்க" என்று சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் வந்தவர் அதைப் பேரன் எடுக்கும் வரைக்கும் ஞாபகம் வைத்திருப்பார். அப்புறம் நாற்காலி, அப்புறம் சொம்பில் தண்ணீர். என்ன ஏது என்ற பேச்செல்லாம் அதற்குப் பிறகுதான். கந்தப்பன் இதில் எல்லாரையும் விட ஒரு படி மேலே. கரண்டைப் பிடுங்க வந்த லைன்மேனை "வாங்க" என்று உட்கார வைத்து, இளநீர் வெட்டிக் கொடுத்து, அவர் கம்பத்தில் ஏறும்போது ஏணியையும் பிடித்துக்கொண்டான். பட்டப்பகலில் தோப்பில் தேங்காய் திருடியவனைக் கையும் களவுமாகப் பிடித்தபோதும் வாயில் முதலில் வந்தது "வாங்க"தான். அடி அதற்கப்புறம் விழுந்தது. வெளிச்சம் இருக்கிற வரைக்கும் அவன் வீட்டு முன்கதவு சாத்திக் கிடந்து யாரும் பார்த்ததில்லை.

"ஊட்டுக்குள்ள வர்ற பூனையவும் வாங்கம்பாரு இந்த மனுசன்," என்பாள் அவன் மனைவி கமலாத்தாள். "நான் பொறந்த ஊட்டுக்குப் போயிட்டு நாலு நாள் கழிச்சு வந்து நின்னா மட்டும், 'எருமைக்குத் தண்ணி காட்டுனயா'ம்பாரு."

அதுவும் சரிதான். நெருங்கினவர்களுக்கு அந்தச் சொல் கிடையாது. பூபதிராஜாவுக்கு அவன் ஒரு நாளும் "வாங்க" சொன்னதில்லை. பூபதி அடுத்த தோப்புக்காரன். ஒன்றாம் வகுப்பிலிருந்து இரண்டு பேரும் ஒரே பெஞ்சு. "வாடா எருமை", "போடா ஊசிப்போனவனே" என்றுதான் அவர்களுக்குப் பொழுது விடியும். டில்லர் கவிழ்ந்து பூபதியின் முழங்கால் நசுங்கியபோது அவனைத் தோளில் போட்டு ரோடு வரைக்கும் ஓடியது கந்தப்பன். அந்தக் கால் இன்றைக்கும் சரியாக மடங்காது. இதை மறந்துவிடாதீர்கள்.

போன மழைக்காலம் முடிந்ததும் மூன்று பேரும் காடு பார்க்கக் கிளம்பினோம். யோசனை பூபதியுடையது. "நம்மூர்ல பன்னியும் மயிலும் பாத்துப் பாத்துச் சலிச்சுப் போச்சு. ஒரு புலியவாச்சும் பாத்துட்டுச் சாகோணும்டா." இரவிகுளம், மதிகெட்டான் சோலை, தேக்கடி என்று மூன்று தேசியப் பூங்கா. பொள்ளாச்சி, உடுமலை வழியாக பஸ்ஸில் மூணாறு போய், அங்கிருந்து சித்திரபுரத்துக்காரர் மாரீஸ்வரனின் ஜீப்பைப் பிடித்துக்கொண்டோம். மாரீஸ்வரன் எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவர். அவர் தமிழ் தெக்கத்தித் தமிழ். நாங்கள் "ஏனுங்க" என்றால் அவர் "என்னண்ணே" என்பார். இரண்டும் தமிழ்தானே என்று இருந்துவிட்டோம். தப்பு அங்கேதான் ஆரம்பித்தது.

இரவிகுளத்தில் வரையாடு பார்த்தோம். பக்கத்திலேயே வந்து நின்றது.

"ஆட்டப் பாக்கறக்கா மலையேறி வந்தோம்?" என்றான் பூபதி.

"சத்தமாப் பேசாதடா, அதுக்குக் கேட்டுரப் போவுது," என்றான் கந்தப்பன். அப்புறம் ஆட்டைப் பார்த்து, பழக்கதோஷத்தில், தலையை லேசாக ஆட்டி வரவேற்றான்.

அடுத்தது மதிகெட்டான் சோலை. உள்ளே போனவன் புத்தி தடுமாறித் திரும்பி வர மாட்டான் என்பதால் அந்தப் பெயராம். பெயரிலேயே எச்சரிக்கை வைத்திருக்கிறார்கள். நாங்கள் அதைப் படித்துச் சிரித்துவிட்டுப் போனோம். பகல் முழுக்க நடந்து அட்டைக்கடி வாங்கியதுதான் மிச்சம். சாயங்காலம் மாரீஸ்வரன் எங்களை ஏலத்தோட்டத்துக்கு நடுவே ஒரு சின்ன வீட்டில் இறக்கிவிட்டார். தங்குவதற்கு வாடகைக்கு விடுகிற வீடு. முன்னால் வாசல், ஓரத்தில் சிமெண்டுத் தொட்டி, நாலு வாழை. கக்கூஸ் வாசலுக்கு அந்தப் பக்கம் தனியாக இருந்தது. மாரீஸ்வரன் சாப்பாடு வாங்கிவரக் கீழே போனார்.

வெளிச்சம் மங்குகிற நேரம். மஞ்சு, அதாவது மலைப் பனிமூட்டம், இறங்கி வாழை பாதிதான் தெரிந்தது. கந்தப்பனின் போன் அடித்தது. மாரீஸ்வரன். சிக்னல் விட்டு விட்டு வந்ததால் ஸ்பீக்கரில் போட்டான்.

"அண்ணே, பெரியவரு ஒங்க பக்கமா வாராரு. பாத்துக்கோங்க."

"ஆருங்க?"

"பெரியவருண்ணே. ஒத்தையாத்தான் வாராரு. இப்பத்தான் ரேசன் கடையில இருந்து மேல ஏறுறாராம்."

"அடப் பாவமே. தனியாவுங்களா?"

"தனியாத் திரியிறவருதாண்ணே. கூட்டத்தோட சேர மாட்டாரு. கொஞ்சம் கோவக்காரரு..." அதற்கப்புறம் கொரகொர என்று சத்தம். கடைசியாக, "பாத்துக்கோங்கண்ணே!" என்று மட்டும் கேட்டது.

"நாங்க பாத்துக்கறமுங்க, நீங்க ஒண்ணும் கவலப்படாதீங்க!" என்று கத்திவிட்டுப் போனை வைத்தான் கந்தப்பன்.

எங்களுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பாவம், யாரோ வயசான மனிதர். பிள்ளைகளோடு ஒத்துப்போகாமல் தனியாக இருக்கிறார். இந்தக் குளிரில் ரேஷன் அரிசியைத் தானே தூக்கிக்கொண்டு மலையேறுகிறார்.

"வயசான காலத்துல கோவம் வரத்தான் செய்யும்," என்றான் பூபதி. "எங்கப்பனுக்கு வராத கோவமா?"

"மருமவ செரியில்லாம இருப்பாடா," என்றான் கந்தப்பன். மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டான். வருகிறவர் பெரியவராயிற்றே. உள்ளே போய் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைத் தூக்கிவந்து வாசல் நடுவில் போட்டுத் துண்டால் துடைத்தான். "பூபதி, சொம்புல தண்ணி மோந்துட்டு வாடா. வெதுவெதுப்பா இருந்தாத் தேவல."

நானும் பாவம் என்று நினைத்துக்கொண்டே பக்கெட்டோடு கக்கூஸுக்குப் போனேன். இதுதான் நான் சொன்ன இடம். கதவுக்கு மேலே காற்று வர ஒரு சந்து உண்டு. வெளியே பேச்சு கேட்டது. புதிதாக யார் வந்தாலும் ஒரு பார்வை பார்க்காமல் இருக்க முடியாத புத்தி எனக்கு. பக்கெட்டைக் கவிழ்த்து மேலே ஏறினேன்.

மஞ்சுக்குள் செடி நெறிபடுகிற சத்தம். கந்தப்பன் நாற்காலிக்குப் பக்கத்தில் கையைக் கூப்பி நின்றான். இரண்டடி பின்னால் சொம்போடு பூபதி.

"வாங்க! வாங்க, வாங்க!" என்றான் கந்தப்பன், காது மந்தமாக இருக்கலாம் என்று சத்தமாகவே. "பாத்து வாங்க, வழுக்குது. மூட்டைய அங்கயே எறக்கி வெய்யுங்க, நாங்க தூக்கியாறோம்!"

மூட்டை தானாகவே அசைந்தது. மஞ்சு விலகியது. முதலில் இரண்டு வெள்ளைத் தந்தம். அப்புறம் நெற்றி. அப்புறம் நெற்றி இருக்க வேண்டிய உயரத்துக்கும் மேலே இன்னும் நெற்றி.

அதற்கப்புறம் நடந்தது ஒரு தும்மல் போடுகிற நேரம்தான். கந்தப்பன் திரும்பினான். பூபதியைத் தாண்டினான். தாண்டும்போது தோள் இடித்து பூபதி ஒரு பக்கம் சாய்ந்தான். வீட்டுக்குள் நுழைந்த கந்தப்பன் கதவைச் சாத்தினான். தாழ்ப்பாள் விழுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

பூபதி மடங்காத காலை இழுத்துக்கொண்டு கதவுக்கு வந்து, சொம்பாலேயே தட்டினான்.

"கந்தா! டேய், கதவத் தொறடா! கந்தா!"

நான் வாசலுக்கு இந்தப் பக்கம். நடுவில் யானை. எனக்கு அது தெளிவாகக் கேட்டது. எனக்கே கேட்டால், ஒரு விரல்கடைப் பலகைக்கு அந்தப் பக்கம் நிற்கிறவனுக்குக் கேட்காமல் இருக்குமா? பூபதி மறுபடி தட்டினான். கதவு திறக்கவில்லை.

அப்புறம் அவன் தட்டுவதை நிறுத்திவிட்டான். சுவரோடு சுவராக நகர்ந்து, சிமெண்டுத் தொட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்தான். மடங்காத காலை நீட்டித்தான் உட்கார முடியும். பாதம் வெளியே தெரிந்தது. யானை நாற்காலியை மோந்து பார்த்தது, மெதுவாக ஒதுக்கி வைத்தது. இரண்டு வாழையைச் சாய்த்துத் தின்றது. தொட்டியில் தண்ணீர் குடித்தது. பூபதியின் தலைக்கு மேலே தும்பிக்கை போய்ப் போய் வந்தது. அவன் அசையவில்லை. அவனுக்கு உயிர் இருக்கிறதா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. எனக்கு இருக்கிறதா என்றும்தான்.

கீழே ஜீப் சத்தமும், மாரீஸ்வரன் தகரத்தைத் தட்டுகிற சத்தமும் வந்ததும் யானை போய்விட்டது. கும்பிடெல்லாம் போடவில்லை. புறமுதுகைக் காட்டிப் போனது, அவ்வளவுதான்.

மாரீஸ்வரன் மூச்சு வாங்க ஓடிவந்து வாசலில் கிடந்த நாற்காலியைப் பார்த்தார். "இத யாரு இங்க போட்டது?"

"பெரியவரு உக்காரட்டும்னு..." என்று நான் இழுத்தேன்.

"அட கூறுகெட்ட ஆளுகளா! காட்டுக்குள்ள அதும் பேரச் சொல்லக் கூடாதுண்ணே. சொன்னா கூப்பிட்ட மாதிரின்னு எங்க ஆளுக சொல்ல மாட்டோம். பெரியவருன்னுதான் சொல்லுவோம். நீங்க நெசமாவே கூப்பிட்டு நாக்காலியும் போட்டிருக்கீங்க! ரேசன் கடைய ஒடச்சு அரிசியத் தின்னுட்டு வாராருன்னு சொல்ல வந்தா, நீங்க 'பாத்துக்கறோம்'னு போன வைக்கிறீங்க!"

இன்னொரு நாளாக இருந்தால் இதற்கு விழுந்து விழுந்து சிரித்திருப்போம். யாரும் சிரிக்கவில்லை. கதவு அப்போதுதான் திறந்தது. கந்தப்பன் வெளியே வந்தான். வேட்டி நனைந்திருந்தது. எதில் என்று நான் கேட்கவில்லை.

"பூபதி... நீ உள்ள வந்துட்டீன்னு நெனச்சேன்டா. சத்தமே கேக்குலடா."

பூபதி தொட்டியைப் பிடித்து எழுந்து நின்றான். சொம்பு இன்னும் கையில் இருந்தது. அடியில் கொஞ்சம் தண்ணீரும் இருந்தது. கந்தப்பனிடம் அதை நீட்டினான்.

"பரவால்லீங்க," என்றான். "இந்தாங்க, தண்ணி குடிங்க."

ஒன்றாம் வகுப்பிலிருந்து கேட்காத அந்த 'ங்க'. திட்டியிருந்தால் கந்தப்பன் பிழைத்திருப்பான். நாலு அறை விட்டிருந்தால் ராஜாவாகவே ஆகியிருப்பான். அவன் சொம்பை வாங்கவும் முடியாமல், வேண்டாம் என்று சொல்லவும் முடியாமல் நின்றான்.

மறுநாள் குமுளி. தேக்கடிப் படகில் பூபதி, "நீங்க ஓரத்துல உக்காருங்க, நல்லாத் தெரியும்" என்று கந்தப்பனுக்கு இடம்விட்டு, தான் கடைசி வரிசைக்குப் போய்விட்டான். அக்கரையில் குட்டியோடு ஐந்தாறு யானை வந்தது. படகே எழுந்து நின்று கத்தியது. படகுக்காரர் உட்காரச் சொல்லித் தொண்டை கிழியக் கத்தினார். கந்தப்பன் மட்டும் லைஃப் ஜாக்கெட்டின் வாரைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாகக் குனிந்தே இருந்தான். நாங்கள் பணம் கட்டிப் பார்க்க வந்த காட்சி அது. அவன் பார்க்கவில்லை. கம்பம் வழியாக ஊருக்குத் திரும்பும் வரைக்கும் மூன்று பேருக்கும் சேர்த்து நான்தான் பேசினேன். எனக்கே என் பேச்சு பிடிக்காமல் போனது அன்றைக்குத்தான்.

ஊரில் டீக்கடையில் கேட்டார்கள், ஆனை பாத்தீங்களாமா என்று. பூபதி டீயை ஆற்றிக்கொண்டே சொன்னான்: "பாத்தோம். கந்தப்பண்ணன் வாங்கன்னாரு. ஆனை போயிருச்சு."

அதில் ஒரு பொய் கிடையாது. 'அண்ணன்' மட்டும் புதுசு. இரண்டு பேரும் ஒரே வயது. மிச்சத்தை ஊர் கட்டிக்கொண்டது. அடித்தளம் போட்டுக் கொடுத்தால் மாடி எழுப்ப எங்கள் ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை. கந்தப்பன் மறுத்துச் சொல்வான் என்று நான் பார்த்தேன். அவன் மீசையைத் தடவக்கூட இல்லை. தலையைக் குனிந்துகொண்டு போனான். அதையும் அடக்கம் என்றார்கள்.

அதற்கப்புறம் அவன் வாயில் "வாங்க" நின்றுபோனது. யாராவது வாசலுக்கு வந்தால் எழுந்து தோப்புக்குப் போய்விடுவான். கமலாத்தாள் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏனுங்கண்ணா, மலையில ஏதாச்சும் காத்துக் கருப்பு அண்டிருச்சுங்களா? என்ற அண்ணன் வந்து நிக்கறாரு, இவரு வாங்கன்னே சொல்லுல. பட்டப்பகல்ல கதவ வேற போயிப் போயித் தொட்டுப் பாக்கறாரு. சாத்தியிருந்தாத் தொறக்கறாரு, தொறந்திருந்தாச் சாத்தப் போயிட்டு நிக்கறாரு. மந்திரிச்சுக் கயிறு கட்டியுட்டிருக்கறேன்."

கயிற்றுக்குத் தீருகிற காத்தா அது.

ஒரு நாள் அவன் பூபதி வீட்டுக்குப் போயிருக்கிறான். அதை வரப்பில் உட்கார்ந்து என்னிடம் சொன்னான். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

"நாலு தடவ வாயெடுத்தேன்டா. அவன் 'வாங்க'ன்னான். நாக்காலி எடுத்துப் போட்டுத் துண்டுல தொடச்சான். சொம்புல தண்ணி கொண்டாந்து குடுத்தான். நான் அன்னிக்குப் பெரியவருக்குச் செஞ்சனே, அதே மாதர. குடிச்சுட்டு வந்துட்டேன். அவன் என்னையச் செருப்புல அடிச்சிருக்கலாம்டா."

"நீ சொல்லிரு. கேட்டுதுன்னு சொல்லிரு."

"அவனுக்குத் தெரியாதா?"

"தெரியும். நீ சொன்னதில்லயே."

அவன் வரப்பு மண்ணை நோண்டிக்கொண்டிருந்தான்.

இந்த நிலையில்தான் காட்டுப்பன்றிக்காக ஊர்க்கூட்டம் வந்தது. பன்றிகள் இரவில் வந்து கடலையைத் தோண்டிப் போடுவதால், ஊர் விவசாயிகளெல்லாம் சேர்ந்து ஒரு ஜாக்ரதா சமிதி போடுவது என்று முடிவாகி, சமுதாயக்கூடத்தில் கூடினோம். காவலுக்கு ஆள் சேர்க்கிற குழுவுக்கு மலையாளத்தில் அப்படிப் பெயர். கோகுல்நாத் என்று ஒரு பையன், செல்போன் கடை வைத்திருப்பவன், எழுந்து மைக்கைப் பிடித்தான்.

"தலைவரா ஆரப் போடறதுன்னு ரோசனையே வேண்டாமுங்க. ஆனையவே வாங்கன்னு சொல்லித் திருப்பி அனுப்புன ஆளு நம்மகிட்ட இருக்கறாரு. பன்னியெல்லாம் அண்ணனுக்கு எம்மாத்தரம்? அண்ணன் முன்னால போனாப் போதும், நாங்க அத்தன பேரும் வெறுங்கையோட பின்னால வர்றோம்!"

கைதட்டல். பொன்னாடை ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தார்கள். யாரோ கந்தப்பனைக் கையைப் பிடித்து மேடைக்கு இழுத்துப்போனார்கள். பொன்னாடை அவன் தோளில் விழுந்தபோது, அடி விழுந்த மாதிரி குறுகினான். மேடையில் அவனுக்குப் போட்டிருந்த நாற்காலி சிவப்பு பிளாஸ்டிக். அவன் அதைப் பார்த்தான். உட்காரவில்லை.

நான் திரும்பிப் பார்த்தேன். பூபதி கடைசியில், வாசற்படி ஓரமாக, காலை நீட்டி உட்கார்ந்திருந்தான்.

கந்தப்பன் மைக்கைப் பிடித்தான். மைக் கீச்சென்றது. "எல்லாருக்கும் வணக்கமுங்க," என்றான். அதற்கப்புறம் உதடு மட்டும் அசைந்தது.

"அண்ணனுக்குக் கூச்சமுங்க," என்றான் கோகுல்நாத். சிரிப்பு.

கந்தப்பன் பொன்னாடையை எடுத்து நாற்காலியின் மேல் போட்டான். மறுபடி ஏதோ சொன்னான். முன்வரிசைக்கே கேட்கவில்லை.

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. பூபதி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றிருந்தான்.

"சத்தமாச் சொல்றா கந்தா! இங்க ஒண்ணும் கேக்குல!"

கூட்டம் திரும்பியது. கந்தப்பன் நிமிர்ந்தான். மைக்கைக் கீழே வைத்துவிட்டு, எங்களையெல்லாம் விட்டுவிட்டு, வாசற்படியைப் பார்த்துக் கத்தினான்:

"ஆனை எனக்குக் கும்பிடு போடுலீங்க. ஆனைன்னு தெரியாமத்தான் வாங்கன்னேன். தெரிஞ்சதும் ஓடிப் போயிக் கதவச் சாத்திக்கிட்டேன். பூபதி வெளிய நின்னு என்ற பேரச் சொல்லித் தட்டுனான். கேக்குலன்னு சொன்னது பொய்யி. கேட்டுது. கேட்டுத்தான் தொறக்குல."